லேப் நாய்க்கு அரிப்பு நிக்கவே மாட்டேங்குது, ஊசி போட்டா அடங்குது அப்புறம் திரும்ப வருது – என்ன பண்ணலாம்?

தாம்பரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல மஞ்ச லேப் (லாப்ரடோர்) ஒன்னு இருக்கு, பேரு பிரௌனி (பேருக்கும் கலருக்கும் சம்பந்தம் இல்ல, பொண்ணு வச்சது), நாலு வயசு, பொட்டை, கருத்தடை பண்ணியாச்சு. போன ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து சொறி சொறின்னு சொறியுது, நடுராத்திரி காலர் மணி சத்தம் கேட்டுட்டே இருக்கு, வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. அக்குள், தொடை இடுக்கு, வயிறு எல்லாம் செவந்து போச்சு, வயித்துல சின்ன சின்னதா சீழ் வச்ச பரு, அது உடைஞ்சு காஞ்சதும் வட்ட வட்டமா ஓரத்துல தோல் உரியுது. முன்னங்கால் பாதத்த நக்கி நக்கி அங்க இருக்குற முடி துரு கலர் ஆயிடுச்சு. காதுல ஒரு புளிச்ச வாடை வேற. பக்கத்துல இருக்குற டாக்டர் ஒரு ஊசி போடுவாரு, மறுநாளே சமத்தா படுத்துக்கும், கொஞ்ச நாள் போனா பழைய குருடி கதவ திறடி. சீட்டுல ஊசி பேரு எழுதல, கேட்டா "அலர்ஜி ஊசி"ன்னு மட்டும் சொல்றாங்க. ஆளாளுக்கு சிக்கன நிறுத்து சிக்கன நிறுத்துன்றாங்க. சாப்பாடு காலைல டிரை ஃபுட், மதியம் எங்கம்மா தயிர் சோறு வைப்பாங்க, ராத்திரி சிக்கன் வேக வச்சு பிசைஞ்ச சோறு. அனுபவப்பட்டவங்க யாராச்சும் சொல்லுங்க, வீட்டம்மா நாய மாடிக்கு அனுப்ப ரெடியா இருக்காங்க.

வில்லிவாக்கம்_சித்தப்பா:
தம்பி, குப்பைமேனி இலை ஒரு கை, மஞ்சள், கொஞ்சம் கல்லுப்பு, மை மாதிரி அரைச்சு பூசி வெயில்ல கட்டி வச்சுட்டு குளிப்பாட்டு. எங்க வீட்ல எத்தனையோ நாய் வளந்துருக்கு, ஒன்னுக்கும் ஊசி போட்டதில்ல. வேப்பிலை வேக வச்ச தண்ணியும் நல்லது.

கோவை_செல்வி:
சித்தப்பா கோவிச்சுக்காதீங்க, குப்பைமேனிய நான் ஒன்னுஞ் சொல்லலைங்க, ஆனா சீழ் பரு உடைஞ்சு தோல் திறந்து கெடக்கறப்ப உப்பு வச்சா அந்த வாயில்லா ஜீவன் என்னங்க பண்ணும், எரியுதுன்னு இன்னும் கடிச்சு புண்ணாக்கிக்கும். பூசறது அத்தனையும் நக்கி வயித்துக்குள்ளதான் போவுது.

தாம்பரம் அண்ணா, மொதல்ல தெள்ளுப்பூச்சி இருக்கான்னு பாருங்க. "எங்க நாய்க்கு தெள்ளே இல்ல"ன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் கேட்டு கேட்டு சலிச்சுப் போனேன். கண்ணுக்கு தெரியாதுங்க, அது ஓடி ஒளிஞ்சுக்கும். ஒரு வெள்ளைப் பேப்பர கீழ விரிச்சு, பேன் சீப்பு எடுத்து வால் ஆரம்பிக்கற எடத்துல முடிய எதிர்ப்பக்கமா வாருங்க. மிளகுப்பொடி தூவின மாதிரி கருப்பா கொட்டுனா அதுமேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. அப்படியே கருப்பா இருந்தா மண்ணு. சுத்தி செவப்பா கலங்கி ஓடுச்சுன்னா அது தெள்ளோட கழிவு, உள்ள இருக்கறது உங்க நாயோட ரத்தம். தெள்ளு எச்சில் ஒத்துக்காத நாய்க்கு ஒன்னு ரெண்டு கடி போதும், ஒடம்பே பத்தி எரியற அளவுக்கு அரிக்கும். என்ற நாய்க்கு அதுதான் இருந்துச்சு, ஆனா அதுக்கு இடுப்பு, வால் பக்கம்தான் முடி போச்சு. உங்களுது அக்குள், பாதம், காதுன்னு சொல்றீங்க, அதனால வேற எதுவோ கூட இருக்கும்னு தோணுது.

நாமக்கல்_வெட்:
நான் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம், இன்னும் டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டு படிங்க.

செல்வி அக்கா சொன்னது கரெக்ட். ஒரு விஷயத்த மட்டும் பிரிச்சு பாருங்க அண்ணா. நீங்க சொல்ற சீழ் பரு, வட்டமா உரியுற தோல் இதெல்லாம் பாக்டீரியா இன்ஃபெக்‌ஷன், பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்னு ஒரு கிருமி, அது நாய் தோல்ல எப்பவுமே குடியிருக்குறதுதான். புளிச்ச வாடை, காது, துரு கலர் பாதம் இதெல்லாம் பாத்தா மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் இருக்கும்னு தோணுது, அதுவும் வீட்டுக்காரன்தான், வெளில இருந்து வந்தது இல்ல (துரு கலர் மட்டும் எச்சில் பட்டதால வர்றது). இந்த ரெண்டும் ஏன் திடீர்னு பெருகுச்சுங்கறதுதான் கேள்வி. தோல் பலவீனமானா பெருகும். பலவீனமாக்குனது அலர்ஜியா, தெள்ளா, சொறிப்பூச்சியா, தைராய்டான்னு கண்டுபிடிக்காம மேல இருக்குற கிருமிய மட்டும் அடிச்சா அது மறுபடி வரத்தான் செய்யும்.

அந்த வட்டத்த பாத்துட்டு நிறைய பேரு படர்தாமரைன்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்ல மனுஷ கிரீம் வாங்கி தடவுறாங்க. அதுல பாதி கிரீம்ல ஸ்டீராய்டு கலந்துருக்கும். தயவுசெஞ்சு வேணாம். உங்க "அலர்ஜி ஊசி"யும், மறுநாளே அடங்குதுன்னா, ஸ்டீராய்டா இருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட பிறகு தண்ணி நிறைய குடிச்சுச்சா? ஒன்னுக்கு அடிக்கடி போச்சா? சோறு சோறுன்னு அலைஞ்சுச்சா?

தாம்பரத்தான்:
ஐயோ ஆமா தம்பி! பக்கெட் பக்கெட்டா குடிச்சுது, ஹால்லயே ஒன்னுக்கு போச்சு, இதுவரைக்கும் வீட்டுக்குள்ள போனதே இல்ல. சுகர் வந்துருச்சோன்னு பயந்துட்டு இருந்தோம்.

நாமக்கல்_வெட்:
அப்ப அதுதான். அடுத்து போகும்போது ஊசி பேர எழுதி வாங்குங்க, அது உங்க உரிமை. ஸ்டீராய்டே விஷம்னு சொல்ல வரல, சில சமயம் தேவைப்படும். என்ன ஊசின்னே தெரியாம திரும்ப திரும்ப போடுறதுதான் பிரச்சனை. அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரையா வீட்ல ரொம்ப நாளா குடுத்துட்டு இருக்குறவங்க இத படிச்சுட்டு டக்குனு நிறுத்திறாதீங்க, அது ஆபத்து, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

சென்னைல இருக்கீங்க, ஒரு நாள் வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் குளிப்பாட்டாதீங்க, மருந்து தடவாதீங்க, இல்லன்னா டெஸ்ட்ல ஒன்னும் தெரியாது. தோல சுரண்டி எடுக்குற டெஸ்ட், டேப் ஒட்டி எடுக்குற டெஸ்ட், ரெண்டும் கேளுங்க.

வில்லிவாக்கம்_சித்தப்பா:
வேப்பேரி நல்ல இடம், 1903ல சைதாப்பேட்டைல ஆரம்பிச்ச காலேஜ் அது. காலைலயே போய் வரிசைல நில்லு. அங்கயும் கூட்டம்தான், பூனை, கிளி, ஆடு எல்லாம் நிக்கும், நாய இறுக்கி புடிச்சுக்கோ.

மதுர_பாண்டி:
அண்ணே குறுக்க வர்றதுக்கு மன்னிச்சிருங்க. நம்ம வீட்லயும் இதே கததேன். தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த குட்டி, காது ஓரம் முழுக்க பொருக்கு தட்டிப் போச்சு, முழங்கைல முடி இல்ல, சொறிஞ்சுக்கிட்டே கெடக்கு. இப்ப என்னான்னா எனக்கும் எங்க அம்மாவுக்கும் வயித்துல, கைல சின்ன சின்னதா தடிச்சு அரிக்குது. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி ஆயில் மாத்துனா வர்ற கழிவு ஆயில் வாங்கி தடவு, ஒரே வாரத்துல முடி வந்துரும்னு சொல்றாரு. தடவலாமா?

நாமக்கல்_வெட்:
தடவாதீங்க. கழிவு ஆயில், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேணாம். தோல் வழியாவும் உள்ள போகும், நக்கியும் உள்ள போகும், ஈரல், கிட்னி ரெண்டும் பாதிக்கும். ஆயில் தடவுன நாய பாத்துருக்கேன், தோல் வெந்து போயிருந்துச்சு.

காது ஓரம், முழங்கை, வீட்ல மனுஷங்களுக்கும் அரிப்பு, இப்படி வந்தா சார்கோப்டிஸ் சொறிப்பூச்சின்னுதான் மொதல்ல நினைக்கணும். காது மடல் ஓரத்த விரல்ல வச்சு தேய்ச்சு பாருங்க, பின்னங்கால் தானா சொறியுற மாதிரி ஆடுச்சுன்னா சந்தேகம் இன்னும் கூடும். தோல சுரண்டி பாத்தா பல தடவ பூச்சி சிக்காது, அதனால ரிப்போர்ட்ல இல்லன்னு வந்தாலும் டாக்டர் வைத்தியம் ஆரம்பிப்பாங்க. மனுஷ தோல்ல அந்தப் பூச்சி ரொம்ப நாள் தாங்காது, நாய்க்கு சரியானா உங்களுக்கும் அடங்கிரும், அதுவரைக்கும் குட்டிய படுக்கைல ஏத்தாதீங்க, விரிப்பெல்லாம் வெந்நீர்ல அலசுங்க. வேற நாய் இருந்தா அதுக்கும் சேத்து மருந்து.

சிவகாசி_ராஜா:
எங்க ராஜபாளையம் குட்டிக்கும் மூஞ்சிலயும் முன்னங்கால்லயும் சொட்டை சொட்டையா முடி போச்சு, ஆனா அவ்வளவா அரிக்கல. சுரண்டி பாத்துட்டு டெமோடெக்ஸ்னாங்க. அதுவும் சொறிப்பூச்சிதான் ஆனா ஒட்டாதாம், தாய்கிட்ட இருந்து பொறந்த புதுசுலயே குட்டிக்கு வர்றதாம், எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்தா மட்டும் பெருகுமாம். கொஞ்சமா ரெண்டு மூணு இடத்துல இருந்தா பல குட்டிக்கு தானாவே சரியாயிரும்னு சொன்னாங்க. உடம்பு முழுக்க பரவுன நாய இனவிருத்திக்கு விடக்கூடாதுன்னும் சொன்னாங்க, இத நம்மூர்ல குட்டி விக்கிறவங்க காதுல போட்டுக்கவே மாட்டாங்க.

ஒரு கேள்வி. ஊர்ல ஒருத்தரு மாட்டுக்கு போடுற ஐவர்மெக்டின் ஊசிய நாய்க்கும் போட்டு விடுறாரு, சீப்பா முடியுது. அது சரியா?

நாமக்கல்_வெட்:
ஐவர்மெக்டின் டெமோடெக்ஸுக்கு ரொம்ப நாளா பயன்படுத்துன மருந்துதான். ஆனா மாட்டு ஊசி அடர்த்தி அதிகம், சின்ன உடம்புக்கு கண்ணளவுல போட்டா டோஸ் எகிறிரும். கோலின்னு ஆடு மேய்க்கிற வெளிநாட்டு நாய் வகைங்க, அதோட கலப்புங்க, ஒரு ஜீன் கோளாறால அந்த மருந்து மூளைக்குள்ள போய் சாவுற அளவுக்கு போயிருக்கு. இப்ப ஃப்ளூராலேனர், அஃபாக்ஸொலேனர் மாதிரி வாயில குடுக்குற மாத்திரை வந்துருச்சு, பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட்னு கடைல கேட்டுருப்பீங்க. மொதல்ல சொன்னது தெள்ளு, உண்ணிக்கு 12 வாரம் வரைக்கும் தாங்கும், ரெண்டாவது மாசாமாசம். சொறிப்பூச்சி ரெண்டுக்கும் டாக்டருங்க இதையே குடுக்குறாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, வலிப்பு வந்த நாயா இருந்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, 2018ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ.வே இந்த வகை மருந்துக்கு அந்த எச்சரிக்கை குடுத்துச்சு.

டொரோண்டோ_மாமி:
வணக்கம் பிள்ளையள். எங்கட வீட்டிலயும் ஒரு லாப்ரடோர் இருக்கிறா, அவவுக்கு ஒவ்வொரு வருசமும் ஆகஸ்ட் பிற்பகுதியில தொடங்கும், ரக்வீட் எண்ட களையின்ர மகரந்தம் பறக்கிற காலம், முதல் பனி விழ மட்டும் சரியான கடி. பனி கொட்டின பிறகு ஒண்டுமில்லை. இஞ்ச டொக்டர் சைட்டோபொயின்ற் எண்டு ஒரு ஊசி போடுறவர், அது ஸ்டீரொய்ட் இல்லை, அரிப்புச் செய்தியை மூளைக்குக் கொண்டு போற ஐ.எல். 31 எண்ட புரதத்தை மறிக்குது. நாலில இருந்து எட்டுக் கிழமை நிக்கும். காசு எண்டால் சொல்லி வேலை இல்லை. நான் கேக்கிறது, தம்பிக்கு வருசம் முழுக்க அரிக்குதோ, மழைக்கு மட்டுமோ? சாப்பாட்டு அலர்ஜி எண்டால் காலம் பாக்காது எல்லோ. வெளியில போட்டு வந்த உடன ஈரத் துணியால காலையும் வயித்தையும் துடைச்சு விடுங்கோ, அது செலவில்லாத வேலை, எங்கடைக்கு நல்லாக் குணம் தெரிஞ்சது.

தாம்பரத்தான்:
மாமி, மழைல தான் ஆரம்பிச்சுது ஆனா மார்கழி தாண்டியும் நிக்கல, வெயில்லயும் இருக்கு.

வேப்பேரி போயிட்டு வந்தாச்சு. டேப் ஒட்டி எடுத்து சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல வச்சு என்னையும் பாக்க சொன்னாங்க, வேர்க்கடலை ஷேப்ல ஊதா கலர்ல கொத்து கொத்தா, அதுதான் ஈஸ்டாம். பக்கத்துல குட்டி குட்டி புள்ளியா பாக்டீரியா. சுரண்டுனதுல பூச்சி இல்ல. தெள்ளு சீப்பு டெஸ்ட் வீட்ல பண்ணேன் செல்வி, லேசா செவப்பு ஓடுச்சு! அதனால தெள்ளு மாத்திரை குடுத்துருக்காங்க. குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேந்த ஷாம்பு, ஆன்டிபயாடிக் மாத்திரை, காதுக்கு சொட்டு மருந்து, அரிப்புக்கு ஓக்லாசிடினிப் மாத்திரை கொஞ்ச நாளைக்கு. இன்ஃபெக்‌ஷன் அடங்குன பிறகும் அரிச்சா சாப்பாடு டெஸ்ட் பண்ணலாம்னாங்க.

கோவை_செல்வி:
ரொம்ப சந்தோசம்ங்க. ஷாம்பு விசயத்துல ஒன்னு சொல்லிர்றேன், அது தலைக்கு குளிக்கற ஷாம்பு மாதிரி போட்டதும் அலசிரக் கூடாதுங்க. தடவி பத்து நிமிசம் ஊற விடணும், அதுதான் மருந்தே. எடுத்ததும் பாதம், அக்குள், வயிறுன்னு மோசமா இருக்கற எடத்துல ஆரம்பிங்க, முதுகுக்கு கடைசில வாங்க, அப்பதான் வேண்டிய எடத்துல அதிக நேரம் நிக்கும். அந்த நேரத்துல நக்காம இருக்க நான் மூடி மேல துளி கடலை வெண்ணெய் தடவி கைல புடிச்சுக்குவேன் (சைலிட்டால் போட்ட வெண்ணெய் வாங்கிராதீங்க, நாய்க்கு அது விசம். சாப்பாடு டெஸ்ட் ஆரம்பிச்சா இந்த வெண்ணெயும் கட்டு). அப்பறம் நல்லா அலசி, விரல் இடுக்கு வரைக்கும் துணியால ஒத்தி காய வைக்கோணும். லேப்புக்கு ரெட்டை முடி, மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள கைய விட்டு பாத்தா சொதசொதன்னு இருக்கும். மழைக்காலத்துல ஈஸ்ட் வர்றதே அதுலதாங்க. காதுக்குள்ள பட்ஸ் வுடாதீங்க.

ஆன்டிபயாடிக் பரு மறைஞ்சதும் நிறுத்திராதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க.

நாமக்கல்_வெட்:
அதோட, மாத்திரை முழுசா குடுத்தும் பரு போகலன்னா மறுபடி வேற ஆன்டிபயாடிக்னு தாவாம, கல்ச்சர் டெஸ்ட் (கிருமிய வளத்து எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்குறது) கேளுங்க. மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் நாய்ங்கள்ட்ட நிறையவே வருது. வீட்டு தரைக்கு பினாயில் போடுறீங்களா? போட்டா நல்லா காஞ்ச பிறகு நாய விடுங்க, இல்ல வெறும் தண்ணில துடைங்க, செவந்த வயித்தோட அதுமேலதான் படுக்கும்.

வில்லிவாக்கம்_சித்தப்பா:
எல்லாம் சரி, சிக்கன நிறுத்துனாரா இல்லையா? சூடு பண்ற கறி அது. அத நிறுத்தாம எந்த மருந்து சாப்ட்டும் பிரயோஜனம் இல்ல.

கோவை_செல்வி:
சித்தப்பா, எங்கூர்லயும் எல்லா நோய்க்கும் சிக்கன் மேலதான் பழி. நாய்க்கு வர்ற அலர்ஜில சாப்பாட்டால வர்றது கம்மிதாங்க, தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சைன்னு சுத்துப்புறத்தால வர்றதுதான் ஜாஸ்தி. சாப்பாடுன்னே வச்சாலும் சிக்கன் மட்டுந்தான்னு எப்படிங்க சொல்றது? தயிர் சோத்த யாருமே சந்தேகப்படறதில்ல!

நாமக்கல்_வெட்:
2016ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு, சாப்பாட்டு அலர்ஜின்னு உறுதியான 297 நாய்ங்கள பத்துனது. அதுல மாட்டுக்கறி 34 சதவீதம், பால் பொருள் 17, சிக்கன் 15, கோதுமை 13. வெளிநாட்டு நாய்ங்க சாப்பாடு வேற, நம்மூர் நாய் மாட்டுக்கறிய விட சிக்கனும் தயிரும்தான் அதிகம் சாப்புடும், அதனால அந்த நம்பர அப்படியே இங்க ஒட்ட முடியாது. ஆனா பாலும் கோதுமையும் லிஸ்ட்ல மேலதான் இருக்கு.

ரத்த டெஸ்ட் எடுத்து சாப்பாட்டு அலர்ஜி சொல்றேன்னு யாராச்சும் பெரிய பேக்கேஜ் வித்தா காச செலவு பண்ணாதீங்க, அத நம்ப முடியாது. இதுவரைக்கும் சாப்புடாத ஒரு கறி, ஒரு மாவுச்சத்து, ரெண்டு மட்டும் எட்டு வாரம். ஆடோ மீனோ முன்ன குடுத்ததில்லன்னா அது. காடைய தேர்ந்தெடுக்காதீங்க, அதுவும் கோழி வகையறா. முடிஞ்சா டாக்டர் சீட்டுல வர்ற ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது அலர்ஜி வராத அளவுக்கு புரதத்த சின்ன சின்னதா உடைச்சு செஞ்சது. எட்டு வாரத்துல சரியானா பழைய சாப்பாட்ட திரும்ப குடுத்து பாக்கணும், அரிப்பு வந்தாத்தான் உறுதி. அந்த கடைசி ஸ்டெப்ப யாருமே பண்றதில்ல, நாய் நல்லா ஆயிடுச்சேன்னு விட்டுர்றாங்க, அப்ப சாப்பாட்டால சரியாச்சா சீசன் மாறுனதால சரியாச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

தாம்பரத்தான்:
அப்டேட். பரு போச்சு, வாடை போச்சு, காது சுத்தமாயிடுச்சு. அரிப்பு பாதிக்கு மேல குறைஞ்சுது ஆனா பாதம் நக்குறது நிக்கல, அதனால சாப்பாடு டெஸ்ட் ஆரம்பிச்சோம். ஆட்டுக்கறியும் சக்கரவள்ளிக்கிழங்கும், மாசக் கடைசில எங்களுக்கு ரசம், நாய்க்கு மட்டன். அம்மா கோவம் என் மேல, "வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் தயிர் சோறு கூடாதா"ன்னு.

சரி, ஓரளவு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, திடீர்னு ஒரு வாரம் மறுபடி பாதம் செவந்துருச்சு. என்னடான்னு பாத்தா எங்கப்பா காலைல வாக்கிங் கூட்டிட்டு போறாருல்ல, டீக்கடைல நின்னு அவரு ஒரு டீ, அதுக்கு ஒரு பொறை. தினமும். டீக்கடைக்காரர்தான் "சாருக்கு ஒன்னு, பொண்ணுக்கு ஒன்னு"ன்னு எடுத்து வைக்கிறாராம், நான் ஒரு நாள் கூட்டிட்டு போனப்ப அது நேரா கடை முன்னாடி போய் உக்காந்துக்கிச்சு, அப்பதான் தெரிஞ்சுது. அப்பாகிட்ட கேட்டா "பொறை என்ன சாப்பாடா?"ன்றாரு.

மதுர_பாண்டி:
ஹாஹா அண்ணே, பொறைய நிறுத்துனா உங்க அப்பாவ யாரு சமாதானப்படுத்துறது.

நம்ம குட்டிக்கு டாக்டர் சொறிப்பூச்சின்னுதேன் சொன்னாரு, மாத்திரை குடுத்து காது ஓரத்துல முடி மொளைக்க ஆரம்பிச்சிருச்சு, அம்மாவுக்கும் அரிப்பு நின்னுருச்சு. ஆயில் தடவல.

நாமக்கல்_வெட்:
பொறைல மைதா இருக்கு, பாலும் இருக்கலாம். அதாவது நீங்க அறியாமலே கோதுமைய திரும்ப குடுத்து பாத்தாச்சு அண்ணா, ஆனா நடுவுல நடந்ததால முடிவா எடுத்துக்க முடியாது. நாள திரும்ப ஒன்னுல இருந்து எண்ணுங்க. அப்பாவுக்கு ஒரு டப்பால காய வச்ச ஆட்டுக்கறி துண்டு குடுத்து விடுங்க, டீக்கடைல அதையே போடட்டும். பூச்சி மாத்திரை வாங்கும்போதும் பாத்துக்கோங்க, சிக்கன், மாட்டுக்கறி ஃப்ளேவர் போட்ட மாத்திரை இருக்கு.

டொரோண்டோ_மாமி:
தேப்பனுக்கும் டப்பா கட்டிக் குடுக்கிற நிலமை வந்திட்டுது. நல்லா வரும் தம்பி, பொறுமையா இருங்கோ. சாப்பாடு இல்லை எண்டு தெரிஞ்சாலும் அந்த அறிவு வீண் இல்லை, பிறகு தூசி, மகரந்தம் எண்டு அந்தப் பக்கம் மட்டும் பாக்கலாம்.

தாம்பரத்தான்:
டப்பா ஐடியா சூப்பர், அப்பா ஒத்துக்கிட்டாரு, டீக்கடைக்காரர்தான் கொஞ்சம் வருத்தப்பட்டாரு.

இன்னொரு கேள்வி நாமக்கல் தம்பி. தெள்ளு வீட்டுக்குள்ள சோஃபா இடுக்குல முட்டை வச்சுருக்கும்னு படிச்சேன், கடைல நாய்க்கு அடிக்கிற பெர்மெத்ரின் ஸ்ப்ரே ஒன்னு குடுத்தாங்க. பொண்ணு மாடில ஒரு தெருப்பூனைக்கு பால் வச்சு பழக்கியிருக்கா, அது ராத்திரி பிரௌனி பக்கத்துலதான் வந்து படுக்குது. ஸ்ப்ரே அடிக்கலாமா?

நாமக்கல்_வெட்:
வேணாம் அண்ணா, ஸ்ப்ரேய திருப்பி குடுத்துருங்க. பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், அடிச்ச நாய ஒட்டி படுத்தாக்கூட நடுக்கம், வலிப்பு வரும். நாய்க்கு மாத்திரை குடுத்துருக்கீங்கல்ல, அதுவே போதும். சோஃபா, பாய், கதவு இடுக்குன்னு தினமும் வேக்குவம் போட்டு குப்பைய உடனே வெளில கொட்டுங்க, விரிப்ப வெந்நீர்ல அலசுங்க. மாத்திரைய நிறுத்தாம குறைஞ்சது மூணு மாசம் ஓட்டுங்க, கூட்டுப்புழுவா ஒளிஞ்சு கெடக்குறது அப்பப்ப வெளில வந்துட்டே இருக்கும். பூனைக்கும் தெள்ளு இருக்கும், அதுக்கு பூனைக்குன்னே இருக்குற மருந்து தனியா கேட்டு வாங்குங்க, நாய் மருந்த பாதியா உடைச்சு போட்டுறாதீங்க.